அணைத்துத் திறப்பது பழுதுபார்ப்பு ஆகாது

பள்ளி அலுவலகங்களில் பல்லாண்டுகளாக ஓதப்பட்டு வரும் மந்திரம் ஒன்று உண்டு. "கணினியை அணைத்து மீண்டும் திறந்து பாருங்கள், டீச்சர்." பொதுக் கோப்புறை உறைந்து போயிற்றா? அணைத்துத் திற. மறுநாளும் உறைந்ததா? மறுபடியும் அணைத்துத் திற. இதனைப் பழுதுபார்ப்பு என்று நான் ஏற்க மாட்டேன். இது தடயத்தை அழிக்கும் வேலை.

நான் சொல்லும் சிக்கலை ஆசிரியர் அனைவரும் அறிவர். பள்ளியின் பொதுக் கோப்புறையிலிருந்து வகுப்பு மதிப்பீட்டுக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஆசிரியர் இரண்டு பாடவேளை கற்பிக்கச் செல்கிறார். திரும்பி வந்து சுட்டியைச் சொடுக்கினால் திரை அசைவற்று நிற்கிறது. சேமிக்காத மதிப்பெண்கள் போயின. உடனே மூன்று தீர்ப்புகள் வருகின்றன: ஆசிரியருக்குக் கணினி தெரியவில்லை, இணைய வேகம் போதவில்லை, கணினி பழையது, புதிது வாங்குங்கள். பெரும்பாலும் மூன்றுமே பொருந்தாத தீர்ப்புகள்.

அலுவலகக் கணினியிலுள்ள கோப்பு ஆசிரியர் அறைக்கு வரும்போது அது பள்ளி வாயிலைத் தாண்டுவதே இல்லை. அதற்கும் இணைய வேகத்திற்கும் என்ன தொடர்பு? வேலை செய்துகொண்டிருக்கும்போது நன்றாக ஓடி, சும்மா விட்டபின் மட்டும் உறைகிறது என்றால், தேட வேண்டியது வேகத்தை அன்று. ஓய்வு நேரத்தை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை. எண்ணுபவர்கள் நால்வர். ஒவ்வொருவரின் கைவரிசையும் வேறு.

முதலாமவர், கோப்பைப் பகிரும் விண்டோஸ் கணினி. 15 நிமிடம் அசைவில்லாத இணைப்பைத் துண்டிப்பது அதன் இயல்பான அமைவு. அப்போது இயக்ககத்தின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு தோன்றும். ஆனால், சொடுக்கியதும் விரைவாகவே மீண்டுவிடும். ஆகவே, குறுக்குக் கோட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாமவர், உறங்கப் போகும் வன்தட்டு. சேமிப்புப் பெட்டிகளில் தட்டு சுழல்வதை நிறுத்தியிருந்தால், அது விழித்துச் சுழலும்வரை சில வினாடி உறைந்து, பின் தானாகவே சரியாகும். காத்திருந்தால் போதும், பதறி அணைப்பதால்தான் கோப்பு கெடுகிறது.

மூன்றாமவர், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைவு. பகிரும் கணினியே உறங்கிவிட்டால் அனைவருக்கும் ஒரே நேரத்தில் உறையும். ஒருவருக்கு மட்டும் உறைந்தால், அவருடைய கணினியின் பிணைய அட்டையைப் பாருங்கள். மின்சாரம் சேமிக்க அந்த அட்டையை அணைக்கலாம் என்னும் குறியை நீக்குவதற்கு ஒரு காசும் செலவில்லை.

நான்காமவர்தாம் பெரிய கள்வர். கம்பியில்லா இணைப்பு வேண்டுமென்று கட்டடத்திற்குக் கட்டடம் மாட்டப்படும் இரண்டாவது திசைவி. தன் வழியே செல்லும் இணைப்புகளைத் திசைவி ஒரு பட்டியலில் வைத்திருக்கும். சிறிது நேரம் அசைவில்லையெனில் பட்டியலிலிருந்து சொல்லாமல் நீக்கிவிடும். இரண்டு மணி 4 நிமிடத்திற்கு முன் அவ்வாறு நீக்கலாகாது என்று 2008இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5382 வரையறுத்தது. அதை மதிக்காத கருவிகள் ஏராளம். மறுமுனையிலோ, "இருக்கிறாயா?" என்று டி.சி.பி. நெறிமுறை கேட்பதற்கு விண்டோஸின் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரம். இணைப்பு செத்தது கணினிக்குத் தெரியாது. செத்த இணைப்பிலேயே மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நீண்ட உறைவும் இறுதியில் பிழைச் செய்தியும் வருவது இதனால்தான். அந்தத் திசைவியின் வழி வருவோர் மட்டும் தவிப்பதே அடையாளம். தீர்வு, அதன் திசைவிப் பணியை நிறுத்தி, வெறும் கம்பியில்லா இணைப்பு நிலையமாக வைப்பது.

எந்நேரத்தில் உறைந்தது, எத்தனை பேருக்கு, தானாக மீண்டதா என்னும் மூன்று கேள்விகளில் கள்வரைப் பிடித்துவிடலாம். அணைத்துத் திறந்தாலோ மூன்றுக்கும் விடை அழிந்துவிடும்.

அரைகுறை வைத்தியமும் உண்டு. 15 நிமிடத் துண்டிப்பை நிறுத்துகிறேன் என்று ஆட்டோடிஸ்கனெக்ட் அமைவில் சுழியத்தை இடுவார்கள். சுழியம் நிறுத்தாது, சில வினாடிகளிலேயே துண்டிக்கச் செய்யும். நிறுத்துவதற்குக் கட்டளைத் திரையில் இட வேண்டியது –1. இதைவிடக் கொடியது, பழைய எஸ்.எம்.பி. 1 நெறிமுறையைத் திறந்துவிடுவது. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாகிரை அதன் ஓட்டை வழியேதான் பரவியது. அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. உறைவை நீக்குவதாகச் சொல்லி வாயிற்கதவையே கழற்றுவது மருத்துவமா?

இது கணினிக்காரர்களின் கவலைதானே என்று இருந்துவிட முடியாது. பொதுக் கோப்புறையை நம்ப முடியாத ஆசிரியர் என்ன செய்கிறார்? மாணவர் மதிப்பெண்ணையும் பெற்றோர் தொலைபேசி எண்ணையும் விரலியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரே பட்டியல் ஐந்து வடிவமாகிறது, நச்சுநிரல் ஏறுகிறது, ஒரு நாள் விரலியே காணாமல் போகிறது. மூத்த ஆசிரியர் சிலர், "கணினி நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கியே விடுகின்றனர். அவர்களுடைய திறமைக் குறைவா இது? பட்டியலைச் சொல்லாமல் நீக்கும் ஒரு சிறு பெட்டியின் குற்றம் முப்பதாண்டு கற்பித்தவரின் தலையில் ஏற்றப்படுகிறது.

ஆகவே, தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன். பழுதுபார்க்க வருபவரிடம் ஒரு குறிப்பேட்டை நீட்டுங்கள். எது உறைந்தது, ஏன் உறைந்தது, எந்த அமைவு மாற்றப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிடட்டும். காரணத்தை எழுத இயலாதவருக்குக் கட்டணமும் இல்லை என்று சொல்லுங்கள். மாணவன் விடையை மட்டும் எழுதினால் வழிமுறை எங்கே என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்வியை இவர்களிடமும் கேட்போம்.