நரைக்கும் பம்பர்

டெல்லி கரோல் பாக்கின் பழைய கார் சந்தையில் விற்பனைக்கு நிற்கும் வண்டிகள் பளபளக்கும். டயர், டாஷ்போர்டு, பம்பர் என்று எதைத் தொட்டாலும் விரலில் பசை ஒட்டும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை கழுவியதும் உண்மை நிறம் தெரிந்துவிடும். கறுப்பாக இருந்த பம்பர் சாம்பல் பூத்து நிற்கும். பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் வண்டியின் வயதைக் காட்டிக் கொடுப்பது பிளாஸ்டிக்தான்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலை இல்லை. அதன் பம்பர் குரோம் பூசிய இரும்பு, துருப்பிடிக்கும், நரைக்காது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பின் வந்த வண்டிகளில் பிளாஸ்டிக்கின் பங்கு ஏறிக்கொண்டே போனது. இன்று விலை குறைந்த மாடல்களின் கதவுக் கைப்பிடி முதல் எஸ்.யூ.வி.க்களின் சக்கர வளைவு வரை பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கைப் பார்க்கலாம்.

நரைக்கக் காரணம் அழுக்கு அல்ல. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள். பம்பருக்குப் பெரும்பாலும் பயன்படும் பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அவை அறுக்கின்றன. மீதி வேலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் முடிக்கிறது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. அவற்றில் ஒளி சிதறுவதால்தான் கறுப்பு வெளிறித் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் பம்பர் மீண்டும் கறுப்பாகி, காய்ந்ததும் வெளுப்பதன் ரகசியம் இதுதான்: வெடிப்புகளைத் தண்ணீர் சற்று நேரம் நிரப்புகிறது. பளபளப்புத் திரவங்கள் பலவும் இதையே எண்ணெயால் செய்கின்றன. சில வாரம் நீடிக்கும் வேஷம், அவ்வளவே.

வண்டிக்குள் நடப்பது வேறு கதை. ரெக்ஸின் என்று வழங்கும் வினைல், இயல்பில் விறைப்பான பி.வி.சி. அதை மெத்தென்று ஆக்குவது தயாரிப்பின்போது சேர்க்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள். வெப்பம் ஏற ஏற அது சிறிது சிறிதாக வெளியேறும். முன்கண்ணாடியின் உட்புறம் மெல்லிய புகைபோல் படிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதை இழந்த வினைல் சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட் தையலோரம் கிழிவதும், மழை வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடிப்பதும் இப்படித்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில், வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாள்களில் கார்களை நிறுத்தி அளந்த ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியை எட்டியது. நிழலில் நின்றவற்றில் 48தான். மே மாத டெல்லிக்கும் நாக்பூருக்கும் அந்த வெயில் புதிதல்ல. 21 டிகிரியைக் குறைக்கும் மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை. வேப்ப மரத்தடியில் இருக்கிறது.

நிழல் கிடைக்காதவர்கள் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி நிறத் தடுப்பை விரிக்கலாம். உறை போடுவதும் நல்லதே, வண்டியும் உறையும் தூசியில்லாமல் இருந்தால். தூசியோடு உறை உரசினால் பெயின்ட்டில் கீறல் விழும். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது மட்டும் சட்டத்தோடு உரசும் விஷயம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதித் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, 2024ல் கேரள உயர் நீதிமன்றம் வரம்புக்குட்பட்டு ஒட்டலாம் என்றது. அந்த வரம்பு: முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும்.

தெருவோர வாஷிங்கில் இன்னும் மறையாத பழக்கம், கழுவி முடித்ததும் டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைப்பது. அன்றைக்குக் கறுப்பு பளிச்சிடும். மறுநாள் தூசி அப்பிக்கொள்ளும். அதைவிடக் கேடு, கதவோர ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

சரியான முறைக்குச் செலவு அதிகமில்லை. கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். பிறகு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு உண்டு என்று லேபிளில் குறிப்பிட்ட, தண்ணீர் கலவையிலான திரவத்தைத் துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்தால்தான் பலன். பெயின்ட்டுக்கான வேக்ஸ் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். பட்டவுடன் துடைப்பது நல்லது.

டாஷ்போர்டு மினுங்க வேண்டியதில்லை. மினுங்கினால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, எதிர் வெயிலில் சாலையை மறைக்கும். ஸ்டியரிங், பெடல், ஸ்கூட்டர் சீட் ஆகியவற்றில் எந்த எண்ணெய்ப் பூச்சும் கூடாது; வழுக்கினால் ஆபத்து.

முற்றிலும் நரைத்துவிட்ட பம்பரைச் சூடான காற்றைப் பீய்ச்சும் கருவியால் கறுப்பாக்கித் தருகிறார்கள். அது நிலைப்பதில்லை, சூடு கொஞ்சம் கூடினாலும் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வெடித்த வினைலுக்கோ மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரே காரை வைத்துப் பிழைக்கும் டாக்சிக்காரருக்கு அது ஒரு சீட் உறையின் விலை மட்டுமல்ல. வண்டியை விற்கப் போகும் அன்று, இன்ஜினைக் கேட்பதற்கு முன்பே வாங்க வந்தவர் கண் அதில்தான் விழும். நிழல் தேடி நூறு அடி தள்ளி நிறுத்தும் சிரமத்துக்கு அன்று விலை கிடைக்கும்.