மயக்க மருந்தும் பெற்றோர் பயமும்

கைக்குழந்தைக்குக் குடலிறக்கம், ரண சிகிச்சை செய்யவேண்டும் என்று வைத்தியர் சொன்னவுடன் வீட்டில் கிளம்புகிற பேச்சு என்ன? "மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாய்ப் போய்விடும்" என்பதுதான். சொல்லுகிறவர் யார்? எதிர்வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னது யாரோ ஒருவர். அதற்குமேல் ஆதாரம் கேட்டால் கோபம் வருகிறது!

தோழர்களே! பெற்றவர்கள் பயப்படுவதை நாம் பரிகாசம் செய்யவில்லை. பயத்திற்குக் காரணமே இல்லையென்றும் சொல்லவில்லை. விலங்குக் குட்டிகளுக்கு இம்மருந்தை நீண்டநேரம் கொடுத்துப் பார்த்ததில் மூளைக்குக் கேடு காணப்பட்டது உண்மை. 2016இல் அமெரிக்க உணவு மருந்து இலாகாவும், 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்திற்கு மேலோ, பலமுறையோ கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தது.

ஆனால் அறிவாளிகள் பயத்தோடு நின்றுவிடவில்லை; சோதித்தும் பார்த்தார்கள். 7 தேசங்களில் 28 ஆஸ்பத்திரிகளில், குடலிறக்கத்திற்காக வந்த 722 சிசுக்களை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கிற்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். மற்றொரு பங்கிற்கு மரத்துப்போகும் ஊசி மாத்திரம் போட்டார்கள். 5 வயதில் பரீட்சித்ததில் இரு பங்கின் புத்தியிலும் வித்தியாசம் காணவில்லை. இம்முடிவு 2019இல் வெளியாயிற்று. ஒரு மணி நேரத்திற்குட்பட்ட ஒரு தடவை மயக்கத்திற்குத்தான் இது பொருந்தும். அதற்கு மேல் இழுத்துப் பேசுவதும் பகுத்தறிவாகாது.

சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? குடல் சிக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்று, உயிருக்கே ஆபத்து வரக்கூடும். அப்போது அவசரத்தில் கொடுக்கப்போவதும் அதே மயக்க மருந்துதானே!

வைத்தியர் வாக்கை வேதமாக்கவும் வேண்டாம். சிசுவுக்கு வலியே தெரியாது என்று நம்பி, 1980கள் வரையிலும் அநேக வைத்தியர்கள் போதிய மருந்தின்றியே பச்சைக் குழந்தைகளை அறுத்தார்கள்! படித்தவன் மூடநம்பிக்கையும் மூடநம்பிக்கைதான்.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: எவ்வளவு நேரம் பிடிக்கும்? தள்ளிவைத்தால் என்ன கெடுதல்? மயக்கம் கொடுப்பவர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா? எத்தனை மணிக்குமுன் பாலை நிறுத்தவேண்டும்? நிறுத்தச் சொன்ன பிறகு, அழுகிறதே என்று ஒளித்துப் பால் புகட்டாதீர்கள். மயக்கத்தில் அப்பால் மேலேறி மூச்சுக்குழாயில் புகுந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்வீட்டு வதந்திக்கு நடுங்குகிற நாம், கண்ணெதிரே இருக்கும் இந்த ஆபத்தைக் கவனிக்கவேண்டாமா?