நக்கினால் ஆறிவிடுமா?

அறுவை முடிந்த நாய்க்குக் கழுத்தில் கூம்பு மாட்டுவதும் கூண்டில் அடைப்பதும் கொடுமை, அது தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்ற வாதம் இரக்கம்போலத் தெரிகிறது. உண்மையில் மருத்துவரின் பாதி வேலையைக் கெடுக்கும் யோசனை அது. நாயின் எச்சில் சில கிருமிகளைக் கட்டுப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அதே வாயில் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளும் குடியிருக்கின்றன. நக்கி நக்கி ஊறிப்போன தையலை முன்பல்லால் கவ்வி இழுக்க ஒரு ராத்திரி போதும். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை கூம்பு இருக்கத்தான் வேண்டும். சாப்பிட முடியாமல் தவிக்கிறதே என்பது நியாயமான குறை. தட்டைச் சற்று உயர்த்தி வையுங்கள், அல்லது பக்கத்திலேயே உட்கார்ந்து, தின்னும் நேரம் மட்டும் கழற்றுங்கள்.

தெருநாய்க்கெல்லாம் யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்கிறார்கள். ஆறாமல் செத்தவை நம் கண்ணில் படுவதில்லை. பிழைத்தவற்றிலும் எத்தனை கோணிய காலோடு நொண்டுகின்றன! வளர்ந்த நாய்க்கு, முறிந்து தகடு வைத்த தொடையெலும்பு கூட ஆற 8 முதல் 12 வாரம் எடுக்கலாம். வலியோ வெகு முன்பே அடங்கிவிடும், சிக்கலே அங்குதான். மூன்றாம் வாரம் துள்ளுகிறதே என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அப்போது பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது எலும்பல்ல, தகடும் திருகும். மாடிப்படியில் ஒரு தாவலில் திருகு கழன்றால் மறுபடி அறுவைதான். அடைத்து வைத்தால் தசை இளைக்காதா? இளைக்கும். அதனால்தான் வாரில் பிடித்தபடி சிறு நடை, மருத்துவர் சொன்ன அளவுக்கு. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுபுரூஃபென் மாத்திரையைக் கொடுப்பவர்களும் இந்த இரக்கக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்; அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.