கொட்டிலுக்குள் சொட்டும் நீர்: கெடுவது பொருள் மட்டுமா?

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் ஒரு முறைப்பாடு தொடங்கிவிடும். "பின்வளவுக் கொட்டிலுக்குள்ள தண்ணி சொட்டுது, கூரை ஒழுகுது போல." ஆள் பிடித்துக் கூரையைத் திருத்துவோம். அடுத்த வாரமும் சொட்டும். மழையே பெய்யாத காலையிலும் சொட்டினால் அது கூரை ஒழுக்கு அல்ல. கொட்டிலுக்குள் அடைபட்ட காற்றிலிருந்து வந்த நீர்தான் அது.

20 பாகை வெப்பமுள்ள காற்று ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் 7 கிராமைத்தான் தாங்கும். மிஞ்சிய நீர் தகரக் கூரையிலும் யன்னல் கண்ணாடியிலும் சுவரிலும் படியும். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

எம்மவர் கொட்டில்களில் இந்த நீராவிக்குக் குறைவில்லை. வீட்டுக்குள் மணம் வரக்கூடாது என்று மீன் பொரிப்பதும் பெரிய சட்டியில் கறி காய்ச்சுவதும் அங்கேதான். தோய்த்த உடுப்பைக் கொடியில் போடுவதும் அங்கேதான். பிறகு குளிருக்குப் பயந்து கதவு, யன்னல், சின்ன இடுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். அத்துடன் நில்லாமல் ஈரத்தைக் காய வைக்க மண்ணெண்ணெய் ஹீட்டரும் கொளுத்துகிறோம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவரும். சிலிண்டர் காஸ் ஹீட்டரும் அப்படித்தான். ஈரம் போக்க வாங்கியதே ஈரத்தைக் கூட்டுகிறது. அடைத்த அறையில் இவை காபன் மொனொக்சைட்டையும் வெளிவிடலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை, ஆளையே கொன்றுவிடும். அடைத்த கொட்டிலுக்குள் இவற்றுக்கு இடமே இருக்கக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சீமெந்து நிலத்தில் விரித்து, நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேலே நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. நிலத்திலிருந்து வருவதை ஈரம் தடுக்கும் விரிப்புப் போட்டுத்தான் மறிக்க வேண்டும்.

காற்றிலிருந்து வருவதற்குக் காற்றோட்டமே மருந்து. ஒரு சுவரில் தாழ்வாக ஒன்றும் எதிர்ச் சுவரில் உயரமாக ஒன்றுமாக இரு துவாரங்கள் வைத்தால் போதும், செலவும் அதிகமில்லை. கூரைக்கும் சுவருக்கும் இன்சுலேஷன் பலகை அடித்தால், ஆவி புகாத தாள் உட்பக்கமாக வரவேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவோர் டெசிகன்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகை குளிர்ந்த கொட்டிலில் சரியாக இயங்காது. துவாரங்களைத் திறந்து வைத்து அதை ஓடவிடுவது ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்தும் வேலை. ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்நாட்டில் அஸ்பெஸ்ரஸ் 1999 இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய கராஜின் நெளிந்த கூரை அஸ்பெஸ்ரஸ் சீமெந்தாக இருக்கக்கூடும். அதில் துளையிடவோ சுரண்டவோ வேண்டாம்.

இனிச் சாப்பாட்டு விடயம். மலிவு விலையில் வாங்கிய அரிசி மூட்டையும், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கருவாடும் எத்தனை வீடுகளில் கொட்டிலில் கிடக்கின்றன! பூஞ்சணம் பிடித்தால் தட்டித் துடைத்து, வெயில் கண்ட நாளில் காய வைத்துச் சமைக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. ஆனால் சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு சமைத்தாலும் முற்றாக அழிவதில்லை. வீசுவதற்கு மனம் வராதுதான், ஆனாலும் வீசுங்கள். உணவுப் பொருளை வீட்டுக்குள் வைப்பதே நல்லது.

சுவரில் பிடித்த பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் அதன் வித்துகள் காற்றில் பரவும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத் துணியால் துடையுங்கள். பிளீச்சுடன் வினாகிரியையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ கலக்க வேண்டாம், நச்சுவாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை, சிலருக்குக் கசந்தாலும், சொல்லியே ஆகவேண்டும். எம்மவரில் சிலர் இதே கொட்டில்களில் ஆட்களையும் குடிவைக்கிறார்கள். புதிதாக வந்த மாணவர், வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவர், சிலவேளை ஊரிலிருந்து வந்த வயதான பெற்றோர். "ஒரு கட்டில் போட இடம் இருக்குத்தானே" என்கிறோம். ஒரு மனிதன் உறங்கும்போது விடும் மூச்சிலேயே நீராவி இருக்கிறது. அது விடியும்வரை அந்தக் குளிர்ந்த சுவரிலேயே படிகிறது.

2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுப் பாலகன் இறந்தான். வீட்டுச் சுவரில் இருந்த பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவானது. அவன் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. அவன் வாழ்ந்தது முறையாகக் கட்டிய வீட்டில். அங்கேயே அந்த நிலை என்றால், ஒற்றைப் பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள கொட்டிலைப் பற்றி என்ன சொல்வது? திட்ட அனுமதியின்றிக் கொட்டிலைக் குடியிருப்பாக்குவது சட்டத்துக்கும் புறம்பானது. அங்கே இருப்பவர் முறையிடவும் அஞ்சுவார். அவரது அச்சத்தை எமது வருமானமாக்குவது எந்த வகையில் நியாயம்?

வந்தாரை வாழவைத்த மரபு எமது மரபு என்று மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பேச்சு பின்வளவுவரை போகட்டும். இந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தமது கொட்டிலைத் திறந்து பாருங்கள். துவாரம் வையுங்கள், ஹீட்டரை அகற்றுங்கள், கெட்ட பொருளை வீசுங்கள். அங்கே ஒருவர் படுத்திருந்தால் அவரை வீட்டுக்குள் அழையுங்கள். முடியாவிட்டால் வேறு இடம் தேட உதவுங்கள்.