‘பைத்தியம்’ என்று பட்டம் கட்டாதே! நோய் என்னவென்று பார்!

ஆலையில் வேலை பார்க்கும் இருபது வயது வாலிபன் திடீரென்று யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறான். இல்லாத குரல் காதில் கேட்கிறது என்கிறான். மேஸ்திரி தன் டீயில் விஷம் கலக்கிறார் என்கிறான். இரவெல்லாம் தூக்கமில்லை. உடனே என்ன நடக்கிறது? தெருவிலுள்ளோர் ‘பேய் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். நிர்வாகம் ‘பைத்தியம்’ என்று சொல்லிக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. வீட்டாரோ கடன் வாங்கிக்கொண்டு மந்திரவாதி, கோயில், தர்கா என்று அலைகிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போய், இரண்டு மூன்று வருஷங்களும் கழிந்த பிறகுதான் டாக்டர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மனச்சிதைவு நோயில் இந்த இரண்டு மூன்று வருஷங்கள்தான் பெரும் சேதத்தைச் செய்கின்றன. சிகிச்சை தள்ளிப்போகப் போக, ஆள் பழையபடி வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்புவது கடினமாகிறது என்பது டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. உலகில் சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் உழைக்கிற வயதின் ஆரம்பத்தில்தான் அது பிடிக்கிறது.

ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும், சரியாகக் கண்டுபிடிப்பதும் நம்முடைய பிரச்னை. பணக்காரர்களின் பிரச்னை மட்டுமல்ல.

சர்க்கரை வியாதிக்கு ரத்தத்தைச் சோதிக்கிறோம், காசத்துக்குச் சளியைச் சோதிக்கிறோம். மனச்சிதைவுக்கு அப்படி ஒரு சோதனை இன்றுவரை இல்லை. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, மனிதனின் மரபணுக்களில் 287 இடங்கள் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவை என்று கண்டது. விஞ்ஞானத்துக்கு இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதை வைத்து ஒரு நோயாளியை நிறுத்தி ‘உனக்கு இந்த வியாதி’ என்று சொல்ல முடியாது. ஸ்கான் படமும் தனியாக அதைச் சொல்லாது. டாக்டர் நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து, பொறுமையாகப் பேசி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீடித்த அறிகுறிகளைக் கேட்டறிந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். விடியற்காலை முதல் கியூவில் நின்றவனுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினால், அதில் என்ன பேசுவது, எதைக் கேட்பது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மனச்சிதைவு போலவே தோன்றுகிற வேறு வியாதிகள் பல. தைராய்டு சுரப்பியின் கோளாறு, பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, மது, கஞ்சா, மூளைக் கட்டி இவை எல்லாம் மனிதனைப் பிதற்ற வைக்கும். 2007-ல் ஹோசே டால்மாவ் என்ற டாக்டரும் அவரது சகாக்களும் ஒரு வியாதியை விவரித்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. இளம் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. முதலில் பார்த்தால் அசல் சித்தபிரமை, பிறகு வலிப்பு, நினைவிழப்பு. தக்க காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். ‘பேய்’ என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிரே போகும்.

பித்தைப் பற்றிய சரித்திரத்தில் தொழிலாளிகள் அவசியம் அறிய வேண்டிய ஒரு அத்தியாயம் பெல்லக்ரா. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தோல் வெடித்தது, வயிற்றுப்போக்கு கண்டது, கடைசியில் புத்தி பேதலித்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இவர்கள் குவிந்தார்கள். இது தொத்து நோய் என்றார்கள் பெரிய டாக்டர்கள் பலர். 1914-ல் சர்க்கார் அனுப்பிய ஜோசப் கோல்ட்பர்கர் என்ற டாக்டர் ஒரு சாதாரண விஷயத்தைக் கவனித்தார். ஆஸ்பத்திரியில் அடைபட்ட நோயாளிகளுக்கு இந்த வியாதி வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் சிப்பந்திகளுக்கு வருவதில்லை! தொத்து நோய் ஆள் பார்த்தா தொத்தும்? சாப்பாட்டில்தான் வித்தியாசம் என்று கண்டார். பால், முட்டை, மாமிசம் கொடுத்தார்; வியாதி மறைந்தது. சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைக்க, நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார்.

1916 முதல் எட்கர் சிடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணரோடு தெற்குக் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களுக்குப் போனார். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கூலி குறையக் குறைய நோய் கூடியிருந்தது. மக்காச்சோளக் களியும் வெல்லப்பாகும் உப்புக்கண்டக் கொழுப்பும் தின்று பஞ்சாலையில் உழைத்த குடும்பங்களின் ‘பைத்தியம்’, வேறொன்றுமில்லை, அரைப்பட்டினி! 1921-ல் இதைப் பகிரங்கமாகச் சொன்னபோது தென் ராஜ்யப் பெரிய மனிதர்களுக்கு மகா கோபம். எங்கள் ஊரில் பட்டினியா, மானம் போகிறதே என்றார்கள்! (பட்டினி போடுவதில் போகாத மானம், சொன்னவுடன் போய்விடுகிறது.) 1937-ல் விஞ்ஞானிகள் குறையும் பொருளையும் கண்டுபிடித்தார்கள். நியாசின் என்ற உயிர்ச்சத்து அது.

நம் நாட்டிலும் இது நடந்தது. முன்பு குன்னூரில் இருந்து, பின் ஐதராபாத்துக்கு மாறிய உணவு ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர்கள் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளமே கதியென்று வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடம் பெல்லக்ராவைக் கண்டு 1960-ல் எழுதினார்கள். அந்த நோயாளிகளிடமும் மனச்சோர்வு காணப்பட்டது.

சாப்பாடு ஒருபுறமிருக்க, வேலையும் மூளையைக் கெடுக்கும். 1856-ல் பாரிஸ் டாக்டர் டெல்பெஷ், ரப்பர் பட்டறைத் தொழிலாளிகளின் வெறியும் நினைவு மயக்கமும் கார்பன் டைசல்பைடு ஆவியால் வந்தவை என்று காட்டினார். அதே ஆவிதான் பிற்பாடு ரேயான் ஆலைகளில் புகுந்து எத்தனையோ பேரைச் சித்தப்பிரமை ஆக்கியது. மாங்கனீஸ் சுரங்கத் தூசி, ஈயம், பாதரசம் எல்லாம் இதே ஜாதி. வயலில் அடிக்கும் பூச்சி மருந்து நரம்பைத் தாக்குவதை விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. 1700-லேயே ராமசினி என்ற இத்தாலிய வைத்தியர், நோயாளியைக் கேட்க வேண்டிய கேள்விகளில் ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனை புறநோயாளி சீட்டில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது?

அதிகாரத்தில் இருப்பவன் கையில் நோயின் பெயரே ஆயுதமாகிவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1851-ல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், எஜமானிடமிருந்து அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதி, அதற்குப் பெயரும் வைத்தார். சோவியத் நாட்டிலும் சர்க்காரை எதிர்த்துப் பேசிய சிலருக்கு ‘மந்தமான மனச்சிதைவு’ என்று பெயர் சூட்டி ஆஸ்பத்திரியில் அடைத்தது நடந்தது; 1977-ல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல டாக்டர்கள் அதைக் கண்டித்தார்கள். யார் செய்தாலும் அது அக்கிரமம்தான். நமது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசியல் அபிப்பிராயத்தையோ, வேலை பற்றிய கருத்தையோ, சமூக அந்தஸ்தையோ வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சங்கத்தில் முன்னணியில் நிற்கிறவனை ‘மூளை சரியில்லை’ என்று எழுதி அனுப்ப நினைக்கும் நிர்வாகங்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

சங்கிலியால் கட்டிவைப்பதையும் அச்சட்டம் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் முடியாமல் கருகிச் செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறை சொல்வது சுலபம். பக்கத்தில் டாக்டர் இருந்தாரா? மாத்திரை இருந்ததா? அதைக் கேட்க வேண்டும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய சர்வேயின்படி மனநோய் உள்ளவர்களில், நோய்க்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதவர்கள். ஜில்லாதோறும் மனநலத் திட்டம் என்று 1996-ல் ஆரம்பித்த நாட்டில் இருபது வருஷம் கழித்தும் இதுதான் நிலைமை.

நாம் கோருவது இதுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இந்த நோயின் முதல் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுங்கள். தைராய்டு, பி-12 சோதனைகளை அங்கேயே இலவசமாகச் செய்யுங்கள். வலிப்போ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கொடுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் என்ன வேலை, என்ன சாப்பாடு என்று கேட்டு எழுதுங்கள். விஷப்பொருள் புழங்கும் ஆலைகளில் வருஷாந்திரப் பரிசோதனையில் நரம்பையும் மனதையும் சேருங்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நீடித்த நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவும் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து, சந்தா நிபந்தனைகளும் பூர்த்தியானவருக்கு, கூலியில் 100-க்கு 80 வீதம், இரண்டு வருஷம் வரை சகாயம் கிடைக்கும். நோயைப் பெயர் சொல்லி டாக்டர் சர்டிபிகேட் எழுதினால்தான் அது கிடைக்கும். சங்கத் தோழர்கள் கூடப் போய் வாங்கித் தர வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு அந்தச் சகாயம் எதுவும் இல்லை. அதை அவருக்கும் தரச் சொல்லிச் சட்டசபையிலும் வீதியிலும் கேட்க வேண்டும். அதுவரை யாருக்காவது இரவில் தூக்கம் போய், குரல் கேட்க ஆரம்பித்தால், 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் முதல் அது நடந்து வருகிறது. மறுநாள் காலையில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவர் என்ன வேலை செய்கிறார், என்ன சாப்பிடுகிறார், எப்போது ஆரம்பித்தது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.