பச்சை விளக்கை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. "நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு எரிகிறது சார். பிங் கொடுத்தால் பதிலும் வருகிறது. பிறகு ஏன் படம் தடுமாறுகிறது?" இந்த விளக்கும் பிங்கும் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதை அண்மையில் ஓர் அரிசி மண்டியில் பார்த்தேன்.

மண்டி அண்ணாச்சி, கிடங்கின் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டில் நெட்வொர்க் கேமராவை வைத்திருந்தார். சாதாரண கேபிள் போட்டால் சில சுற்றுகளிலேயே முறுக்கி அறுந்துவிடும். அதற்காகத்தான் ஸ்லிப் ரிங் என்ற பாகம். சுழலும் உலோக வளையங்களின் மேல் மெல்லிய பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். வளையம் சுற்றினாலும் தொடர்பு விடாது. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே சங்கதி.

பொருத்தியவர் பச்சை விளக்கைக் காட்டினார். பிங் செய்து நான்கு பதில்களைக் காட்டினார். பணம் வாங்கிப் போய்விட்டார். சில நாளில் ஒரு மூட்டை கணக்கில் குறைந்தது. சுமை ஏற்றும் பையன் மேல் சந்தேகம். பதிவைப் போட்டுப் பார்த்தால், லாரியில் ஏற்றிய அந்த நேரத்துப் படம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. "தம்பி, பிங் எல்லாம் சரியாத்தானே வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் பிங் என்று கொடுத்தால் 32 பைட் கொண்ட நான்கு பாக்கெட்டுகள், நொடிக்கு ஒன்றாகப் போகும். 100 எம்பிபிஎஸ் கேபிளில் அப்படி ஒரு பாக்கெட் கடக்க ஏறக்குறைய 7 மைக்ரோ செகண்ட் போதும். நான்குக்கும் சேர்த்து 28 மைக்ரோ செகண்ட். அதாவது பல நொடி சோதித்ததாக நாம் நினைக்கிறோம். உண்மையில் சோதித்தது ஒரு நொடியில் லட்சத்தில் மூன்று பங்கைக்கூட எட்டவில்லை! பிரஷ் ஒரே ஒரு மைக்ரோ செகண்ட் துள்ளினாலும் 100 பிட் போய்விடும். பச்சை விளக்கு அதற்கெல்லாம் அணையாது.

ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதே என் கருத்து. ஒவ்வொரு பாக்கெட்டின் கடைசியிலும் சிஆர்சி என்ற 32 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். அது பொருந்தாத பாக்கெட்டை நெட்வொர்க் கார்ட் சத்தமில்லாமல் எறிந்துவிடும். ஃபைல் காப்பி டிசிபி முறையில் நடப்பதால், வராததை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபைல் பழுதில்லாமல் வந்து சேரும், தாமதமாக. கேமரா படமோ பல நேரம் யுடிபி முறையில் வருகிறது. அதில் போனது போனதுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கேமராவை எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் ஒரு பழைய லேப்டாப்பைக் கயிறு போட்டுக் கட்டினோம். (தட்டு தாங்குமா என்று எனக்கே பயம்தான்.) அதிலும் கீழே இருந்த கம்ப்யூட்டரிலும் ஐபெர்ஃப்3 என்ற இலவச புரோகிராமைப் போட்டு, லேப்டாப்பிலிருந்து கீழே யுடிபி பாக்கெட்டுகளை நிற்காமல் அனுப்பினோம். எத்தனை தொலைந்தன என்று அதுவே கணக்குச் சொல்லும்.

முதலில் தட்டை நிறுத்தி வைத்து ஓட்டினோம். ஒன்றும் தொலையவில்லை. ஆகவே கேபிளிலும் கனெக்டரிலும் குறையில்லை. மோட்டாரைப் போட்டதும் இழப்பு ஏற ஆரம்பித்தது. மோட்டாரின் மின் இரைச்சலாக இருக்குமோ என்று அதை அணைத்துவிட்டுக் கையால் சுற்றினோம். அப்போதும் ஏறியது. குற்றவாளி ஸ்லிப் ரிங்தான். கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் என அடித்து, இடம் விட்டு, ஹைஃபனும் 'இ' எழுத்தும் சேர்த்து என்டர் தட்டினால் எர்ரர்ஸ் என்ற வரி தெரியும். பல கார்டுகளில் பிழைப் பாக்கெட்டுகள் அங்கே எண்ணப்படும். அந்த எண்ணும் கூடிக்கொண்டே போனது.

பெட்டியைப் பார்த்தால் அது மின்சாரத்துக்கும் சாதாரண சிக்னலுக்கும் செய்த மலிவு ரகம். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் நான்கு கம்பிகளை, இரண்டு முறுக்கு ஜோடிகளாகப் பயன்படுத்துகிறது. முறுக்கு குலைந்தால் சிக்னலும் கெடும். கிகாபிட் என்றால் எட்டுக் கம்பிகளும் வேண்டும், இன்னும் கஷ்டம். சிடி ஸ்கேனில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஸ்லிப் ரிங் வழியே போகிறது; ஆனால் இன்றைய பல ஸ்கேனர்களில் படத்துக்கான டேட்டாவைத் தொடாமலே கடத்துகிறார்கள். அண்ணாச்சிக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன்: மின்சாரம் மட்டும் வளையம் வழியே போகட்டும், படம் வைஃபையில் வரட்டும். கிடங்கின் தகரச் சுவருக்குள் வைஃபை சரியாக எட்டவில்லை.

கடைசியில் நெட்வொர்க்குக்கென்றே செய்த ஸ்லிப் ரிங் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார். விற்பவரிடம் நிபந்தனையும் போட்டாயிற்று. தட்டில் லேப்டாப் கட்டி, முழு வேகத்தில் டேட்டா ஓட, ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். அதன் பிறகே பணம். அதுவரை கேமரா அசையாமல் வாசலைப் பார்த்து நிற்கிறது. பழைய பதிவைக் காட்டி இனி யாரையும் கேள்வி கேட்க முடியாது என்று அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டார். பையன் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான்.