மரத்தைக் கேட்போமா, கைப்பேசியைக் கேட்போமா?

தாவரவியல் பயில்வோர்க்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஆசான் வாய்த்திருக்கிறார். சட்டைப் பையிலேயே இருக்கிறார், கேட்ட மாத்திரத்தில் மரத்தின் பெயர் சொல்கிறார், ஒருநாளும் கோபிப்பதில்லை. கைப்பேசிச் செயலியைத்தான் சொல்கிறேன். “இதை நம்பிக் கெடாதீர்கள்” என்று பேராசிரியர் சிலர் கடிந்துரைக்கின்றனர். மாணவர்களோ, “நொடியில் முடியும் வேலைக்கு நூல் எதற்கு?” என்கின்றனர். இரு சாராரோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

பிளான்ட்நெட் போன்றதொரு செயலி செய்வது என்ன? ஏராளமான படங்களில் பெற்ற பயிற்சியைக் கொண்டு, இதுவாக இருக்கலாம், இல்லையேல் அதுவாக இருக்கலாம் என்று பட்டியல் ஒன்றைத் தருகிறது. அது ஊகம். நாமோ பட்டியலின் முதற்பெயரைத் தீர்ப்பாகக் கொண்டு பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். குற்றம் ஊகித்தவனுடையதன்று.

வேம்பின் சிற்றிலை ஒன்றைக் கிள்ளிப் படமெடுத்தால் அது தனியிலை போலவே தோன்றும். அது கூட்டிலையின் ஓர் உறுப்பு என்பதை எவ்வாறு அறிவது? காம்பின் அடியில் மொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலைக்கு உண்டு, சிற்றிலைக்கு இல்லை. திறவுகோல் அமைந்த நூல் இத்தகைய கேள்விகளைக் கேட்டே நம்மை மரத்தடிக்கு அனுப்பிவிடுகிறது. ஒடித்தால் பால் வடிகிறதா, கசக்கினால் மணக்கிறதா என்பவை படத்தில் விழுவனவா?

பெயர் பிழைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்றழைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நெட்டிலிங்கத்துக்கு ஓரம் நெளிந்த தனியிலை. மஞ்சள் கலந்த பச்சைப் பூ. உண்மையான அசோகுக்கோ கூட்டிலை. பூ ஆரஞ்சும் சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாக இருக்கும். பெண்களின் நோய்க்கு மருந்தாகும் அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாவதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டை உலர்ந்து மூட்டையில் ஏறிய பிறகு எந்தச் செயலிக்கு எந்த இலையைக் காட்டுவது?

ஆயினும் மாணவரின் ஓட்டத்தைச் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். காம்பிள் 1915இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி ராபினட் உலர்தாவரகத்திலிருந்து மாத்யூ அடிகளார் 1980களில் வெளியிட்ட தொகுதிகளும் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ்வழியில் பயின்று, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்றோர் அவற்றில் ஒரு வரிக்கு ஐந்து முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. செயலியோ தமிழ் தெரியாதவனையும் ஆங்கிலம் தெரியாதவனையும் ஒன்றாகவே நடத்துகிறது!

ஆகவே, நம் வளாகத்து மரங்களுக்கு மட்டுமேனும் தமிழில் ஒரு திறவுகோலைத் துறை ஆக்கித்தர வேண்டும். செயலி சொன்ன பெயரைப் பென்சிலால் எழுதுவோம். திறவுகோலில் தேறிய பிறகு மையால் எழுதுவோம். தோட்டக்காரர் வழங்கும் பெயருக்கும் பக்கத்தில் ஓர் இடம் விடுவோம். பங்குனியில் வேம்பு பூக்கும்போது தொடங்கலாம். இலையும் பூவும் குறித்துத் தர இரண்டாமாண்டு மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.